எடுக்கிறதுக்கு ஒரு மீசை

தம்பி, தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா இருக்காங்களா?

இருக்காங்களா! நல்லா இருக்கட்டும், நூறு வருசம் இருக்கட்டும். கோவிச்சுக்கிறாதீங்க. மதுரை மாட்டுத்தாவணியில நீங்க பஸ் ஏறி வந்து பக்கத்துல உக்காந்ததுல இருந்து உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வாரேன். மீசை இல்ல. பாவம், வீட்டுல பெரிய காரியம் ஏதோ நடந்துபோச்சு போல, ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசுவோம்னு திருமங்கலம் வரைக்கும் யோசிச்சேன். எங்க பக்கம் அப்படித்தான் தம்பி. அப்பனோ ஆத்தாளோ போனாத்தான் ஆம்பளை மீசையில கத்தி படும். அதுவரைக்கும் கத்தரி ஓரஞ்சாரமா போயிட்டு வரலாம், அம்புட்டுத்தான்.

உங்க அப்பா ஒண்ணும் சொல்றதில்லையா? அவரும் எடுத்துருவாரா! ரெண்டு பேருமேவா? சரி சரி. மெட்ராஸ்காரங்கன்னா சரிதான், அங்க இதெல்லாம் யாரு பாக்குறா.

எனக்குச் சாத்தூர் பக்கம். பேரு கோட்டைச்சாமி. தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு வண்டி ஓட்டுறேன், முப்பத்தாறு வருசமா. ஆபீஸ்னா ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுற ஆபீஸ் இல்ல. தீப்பெட்டி செய்யுற எடத்தையே நாங்க ஆபீஸ்னுதான் சொல்றது. என் மீசை எப்படி இருக்கு, சொல்லுங்க? செக்போஸ்ட்ல எத்தனை போலீஸ்காரங்க இதைப் பாத்துட்டு ‘போங்கண்ணே’ன்னு விட்டுருக்காங்க தெரியுமா. கேரளாக்காரன் மட்டும் மசிய மாட்டான். அவனுக்கும் மீசை இருக்கும்ல.

ஒரே மகன். ஜெயகணேஷ்னு பேரு. ஸ்ரீபெரும்புதூர்ல கொரியாக்காரன் கம்பெனியில இருக்கான், கார் கதவுக்கு ரப்பர் செய்யுற கம்பெனி. நல்ல பய. குடி, சிகரெட் எதுவும் கெடையாது. பதினேழு வயசுலேயே அரும்பு கட்டி, இருபதுல மீசை நின்னுச்சு பாருங்க, கரு கருன்னு. எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

வைகாசியில அவனுக்கு நிச்சயம் பண்ணோம். பொண்ணு அபிநயா, விருதுநகர், டீச்சருக்குப் படிச்ச புள்ள. அந்த விசேஷத்துக்கு இவன் கம்பெனி மேனேஜர் வந்தாரு, கிம் சாருன்னு ஒரு கொரியாக்காரர். உரிச்ச வெள்ளைப் பூண்டு மாதிரி இருக்காரு மனுசன். ஆனா மேல் உதட்டுல இங்க நாலு, அங்க நாலுன்னு ஏதோ தெரியுது. அழுக்குன்னு நெனைச்சு எம் பொண்டாட்டி குருவம்மா துண்டு எடுத்துக் குடுத்தா. கடைசியில பாத்தா அது மீசையாம். வளத்துக்கிட்டு இருக்காராம்.

அந்த மனுசன் சாப்பிடவே இல்ல தம்பி. இலையில சோறு ஆறுது, அவரு என் மீசையவே பாக்குறாரு. கையால முறுக்கிக் காமிக்கிறாரு. நான் முறுக்கிக் காமிச்சேன். போட்டோ எடுத்துக்கிட்டாரு. ‘என்னடா கேக்குறாரு?’ன்னா, ஜெயகணேசு சிரிக்கிறான். ‘அப்பா, அவரு ரூம்ல உக்காந்து தமிழ்ப் படமாப் பாக்குறாரு. ஹீரோ மீசைய முறுக்குனா எதிர்ல இருக்கவன் எல்லாம் பயப்படுறான்ல. அவருக்கு மீசை இல்லாததாலதான் வேலை ஓடுற லைன்ல யாரும் அவர் சொல்றதைக் கேக்க மாட்டேங்குறாங்கன்னு நெனைக்கிறாரு. என்ன எண்ணெய் போடுறீங்கன்னு கேக்குறாரு’ங்குறான். விளக்கெண்ணெய்னு சொன்னேன். ஒரு பாட்டில் குடுத்தும் விட்டேன். அன்னிக்கு எனக்குப் பெருமை பிடிபடல. கடல் தாண்டி வந்தவன் நம்ம மூஞ்சியப் பாத்து ஏங்குறான்னா சும்மாவா!

எம் மகன் யாரு மூஞ்சியப் பாத்து ஏங்கிக்கிட்டு இருந்தான்னு எனக்கு அப்பத் தெரியல.

ஆவணியில ஒரு வியாழக்கிழமை. நான் பத்து நாள் லோடுக்குக் கேரளா போயிட்டு முந்தின நாள்தான் வீடு வந்து சேந்தேன். அலுப்புல வெளிய தலை காட்டல. காலையில கட்டில்ல உக்காந்து சேவு தின்னுக்கிட்டு இருக்கேன், வாசல்ல ஆட்டோ வந்து நிக்குது. எந் தங்கச்சி சீனியம்மா, அவ புருசன், இன்னும் நாலு பொம்பளைக. சீனியம்மா தெருவுலயே தலைமுடிய அவுத்து விட்டுட்டா. ‘எண்ணேன்! என் தங்கமான அண்ணேன்! மலையாளத்து ரோட்டுலயா உன்னையப் பறிகுடுத்தேன்!’னு மாருல அடிச்சுக்கிட்டு ஓடியாரா. அவ புருசன் கையில ரோசாப்பூ மாலை, இம்புட்டு மொத்தத்துக்கு.

நான் கையில சேவோட எந்திரிச்சு நிக்கிறேன்.

அவ என்னையப் பாத்துட்டா. பாத்த பெறகும் ஒரு ரெண்டு மூணு வரி நிக்காம வந்துருச்சு தம்பி, அவளால அடக்க முடியல. ‘எனக்குக் காது குத்த நகை போட்ட அண்ணேன், எம் புள்ளைக்குத் தொட்டில் வாங்குன அண்ணேன்’னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லி அழுறா. உசுரோட இருக்குறப்ப என்னையப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல அவ. தொட்டில் வாங்குனது எனக்கே மறந்துபோச்சு.

என்ன நடந்துச்சுன்னா, எம் மகன் காலையில சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கிருக்கான். தலையில கம்பெனித் தொப்பி. மூஞ்சி மழுமழுன்னு இருக்கு. டீக்கடைக்காரன் பாத்துருக்கான். தொப்பிக்குள்ள மொட்டைன்னு அவனா முடிவு பண்ணிட்டான். கோட்டைச்சாமியும் பத்து நாளா ஆளக் காணோம், லோடு போனவன். அப்பறம் என்ன? ‘போன எடத்துல ஆக்ஸிடெண்டு, மகன் போயி அங்கேயே எல்லாத்தையும் முடிச்சிட்டு மீசைய எடுத்துட்டு வாரான்’னு சீனியம்மாவுக்குப் போன் போயிருச்சு. ஒரு மீசை இல்லாததுக்கு நான் லாரியில அடிபட்டு, எரிஞ்சு, சாம்பலையும் கரைச்சாச்சு.

அந்த நேரத்துக்குத்தான் இவன் டவுன் பஸ் பிடிச்சு வாரான், முதுகுல பையோட. தொப்பியக் கழத்துனா முடி அப்படியே இருக்கு, நெத்தி மறைய வெட்டி விட்ட முடி. மீசை மட்டும் இல்ல. சீனியம்மா அவன் கன்னத்துல ஒண்ணு விட்டா பாருங்க. அந்த மாலைய என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. வாங்குனதத் திருப்பிக் குடுக்கவும் முடியாது, வீட்டுக்குள்ள வைக்கவும் கூடாது. வேப்பமரத்துல மாட்டுனோம். பக்கத்து வீட்டு ஆடு தின்னுருச்சு.

ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. எல்லாம் போன பெறகு அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு, ‘ஏன்டா இப்படி?’ன்னேன். போனை நீட்டுறான். அதுல ஒரு கொரியாப் பய. நடிகனாம். ஆம்பளைன்னு அவனே சொன்னாத்தான் தெரியும். ஒதட்டுல ரோஸ் கலரு, கன்னம் பச்சப்புள்ளைக்கு மாதிரி. ‘அபிக்கு இந்த மாதிரி இருந்தாத்தான்பா பிடிக்குது. தமிழ்ல பேச வச்சுப் போடுறாங்க, தினமும் பாக்குறா. மீசை வச்சிருந்தா போலீஸ்காரன் மாதிரி இருக்குங்குறா. இப்ப எங்க லைன்லயே பாதிப் பேருக்கு மீசை இல்லப்பா’ங்குறான். பையத் தொறந்தா கிரீமு, மூஞ்சியில ஒட்டுற காயிதம், வெயிலுக்கு ஒண்ணு, வெயில் இல்லாததுக்கு ஒண்ணு. இவன் கொரியாக்காரன் மூஞ்சிக்கு அலையுறான், அந்தக் கொரியாக்காரன் என் விளக்கெண்ணெயத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்துருக்கான். இதுல யாரைப் போயி திட்ட?

போனைத் திட்டுனேன். இந்தப் பெட்டி வந்துதான் நாட்டுல ஆம்பளை மூஞ்சி கெட்டுச்சு. எவனோ ஒருத்தன் திரையில மூஞ்சியக் காமிச்சா அதைப் பாத்து நம்ம மூஞ்சிய மாத்துறதா? சொல்லுங்க.

என்னோடதா? இது எப்ப வச்சதுன்னு கேக்குறீங்களா? அது எண்பத்தஞ்சுல. சாத்தூர் டாக்கீஸ்ல ஒரு படம் வந்துச்சு, பேரு வேண்டாம், அதுல ஹீரோவுக்கு இதே மீசை. போஸ்டர் ஒண்ணைப் பசை காயுறதுக்குள்ள உரிச்சுக் கொண்டுபோயி சலூன்ல வச்சு, இது மாதிரி வேணும்ணேன்னு கேட்டு வச்சது. குருவம்மா அப்பத் தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தா. அந்தப் படத்த நாலு தடவை பாத்தவ அவ. எங்க அப்பாவுக்கு இது பிடிக்கல. ‘மூஞ்சியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ம்பாரு. அது வேற தம்பி. மீசை வைக்கிறது வேற, எடுக்குறது வேற.

விருதுநகர் வந்துருச்சா? இல்ல, கள்ளிக்குடிதான். சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, குளுரு தாங்கல இப்பல்லாம்.

புரட்டாசியில சோறு எறங்கல. கண்ணு மஞ்சளாச்சு. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், பத்து நாள். கேக்கல. மதுரைக்கு வந்தேன். இந்தக் கவர் இருக்குல்ல, இதுக்குள்ள இருக்குறது அதுதான். ஈரல்ல கட்டி வந்து, பக்கத்துலயும் பரவிருச்சாம். நான் வாயில சாராயம் வச்சதில்ல தம்பி. டாக்டர்கிட்ட அதைச் சொன்னேன். ‘இதுக்குக் குடிக்கணும்னு அவசியம் இல்லைங்க’ன்னாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது. இன்னிக்குக்கூட லைசென்ஸ் புதுப்பிக்கப் போறேன்னு குருவம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். தை கடைசியில கல்யாணம். இப்பச் சொன்னா இவன் வேலைய விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துருவான், பொண்ணு வீட்டுல தள்ளி வைப்போம்பாங்க. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க கோவில்பட்டி போறவரு. நான் சாத்தூர்ல எறங்கிருவேன்.

இன்னிக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, மூணு மாசம்னாரு டாக்டர். ‘தை தாண்டுவனா சார்?’னேன். ‘பாப்போம்’னாரு.

சாகுறதுக்கு எனக்குப் பயமில்லைன்னு சொன்னா பொய். பயமாத்தான் இருக்கு. ஆனா அதை விட ஒண்ணு இருக்கு, சொன்னாச் சிரிப்பீங்க. நான் போன பெறகு எம் மகன் மூஞ்சியில எடுக்குறதுக்கு என்ன இருக்கு?

முடி இருக்கே, மொட்டை போடலாமேன்னு நெனைப்பீங்க. மொட்டை பழனிக்கும் போடலாம், திருச்செந்தூருக்கும் போடலாம், வெயிலுக்குக்கூடப் போடலாம். சாமிக்கு மொட்டை போட்டாலும் எங்க ஊர்ல மீசைய விட்டுருவாங்க. மீசை பெத்தவங்களுக்கு மட்டும்தான். அது இல்லாம அவன் தெருவுல வந்தா, ‘அய்யோ, கோட்டைச்சாமி போயிட்டாரே’ன்னு பாக்குறவன் நெஞ்சுல ஒண்ணு தட்டும். டீக்கடைக்காரன் அவனுக்கு டீயக் குடுத்துட்டுக் காசு வேண்டாம்பான். அவனும் கண்ணாடியில பாக்குறப்பல்லாம் நம்ம அப்பன் இல்லையேன்னு நெனைப்பான். ஒரு மாசம், ரெண்டு மாசம், அது திருப்பி மொளைக்குற வரைக்கும். நான் வேற என்ன கேக்குறேன்? எனக்குச் சிலையா வைக்கச் சொல்றேன்? இப்ப அவன் மழுமழுன்னு வந்து நின்னா, நான் இருக்குறப்பவும் அதே மூஞ்சி, செத்த பெறகும் அதே மூஞ்சி. சீனியம்மா அழுததெல்லாம் ஆவணியிலயே அழுதுட்டா. இன்னொரு தடவை அவளுக்கு அவ்வளவு வருமான்னுகூடச் சந்தேகமா இருக்கு.

எங்க அப்பாவுக்கு நான் எடுத்தேனான்னா கேக்குறீங்க?

அது எண்பத்தொம்பதுல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அப்பத்தான் குருவம்மா வீட்டுல பேசிக்கிட்டு இருந்தோம். அவ பாத்துச் சரின்னு சொன்னது இந்த மீசையோட. இதை எடுத்துட்டா நம்ம மூஞ்சியில வேற என்ன இருக்கு? ஒல்லிக் கன்னம், மேல்பல்லு வேற லேசா எடுப்பு. அதனால நாசுவர்கிட்ட, உதட்டுல கொப்புளம், கத்தி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருன்னு சொல்லி, தலைய மட்டும் எடுக்கச் சொன்னேன். அவரு அப்படியே செஞ்சாரு. எங்க அம்மாதான் பாத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க, கொப்புளத்தக் காமின்னு கேக்கல. சும்மா பாத்துச்சு. அப்பறம் தண்ணி எடுக்க உள்ள போயிருச்சு. காலம் அப்படி தம்பி. அது வயசு. அதையும் இதையும் சேத்துப் பாக்கக் கூடாது.

அதை விடுங்க. நான் சும்மா இருக்கல. போன மாசம் விருதுநகருக்கே போயி அந்தப் புள்ளையப் பாத்தேன். பத்திரிகை அடிக்குறதப் பத்திப் பேசுற மாதிரி. நல்ல புள்ள. ‘வாங்க மாமா’ன்னு சேரை இழுத்துப் போட்டுச்சு, காப்பி போட்டுக் குடுத்துச்சு. நான் சுத்தி வளைச்சு, ‘ஏம்மா, கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளைக்கு மீசை இருந்தா நல்லா இருக்கும்ல?’ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே சொல்லுது, ‘மாமா, உங்களுக்கு மீசை சூப்பரா இருக்கு. ஆனா அவங்க வச்சா எங்க சித்தப்பா மாதிரி இருக்காங்க. நான் எப்படி மாமா?’ன்னு. காப்பியக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

மகனுக்குப் போன் பண்ணேன். ‘டேய், அப்பனுக்காக ஒரு தடவை மீசைய வளத்துக்கடா’ன்னேன். தொண்டை வரைக்கும் வந்துருச்சு, சொல்லிருவோம்னு. அவன் சொல்றான், ‘அப்பா, அவளுக்குப் பிடிக்கலைப்பா. நீங்களும் அம்மாவுக்குப் பிடிச்சதுக்குத்தானே வச்சீங்க? அம்மா சொன்னாங்க.’ போனை வச்சுட்டேன். இந்தக் குருவம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு உக்காந்துருக்கேன், போன்ல ஒரு போட்டோ வருது. பாருங்க. இருங்க, கண்ணாடி எங்க... இந்தா. யாருன்னு தெரியுதா? எம் மகன்தான். நாடியெல்லாம் முள்ளு முள்ளா, உதட்டுக்கு மேல கருப்பு ஓடிருக்கு பாருங்க! பன்னெண்டு நாள் வளர்ச்சி. எனக்கு அழுகையே வந்துருச்சு. பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா, ரிப்போர்ட்ல என்னமோ கெட்டதா வந்துருச்சுன்னு நெனைச்சு என் கையப் பிடிச்சுக்கிச்சு.

உடனே அவனைக் கூப்பிட்டேன். ‘அப்பன் சொன்னதக் கேட்டியாடா’ன்னேன். அவன் ஒரு மாதிரி இழுக்குறான். ‘இல்லப்பா... அபி இப்பக் கொரியா பாக்குறதில்ல. துருக்கி சீரியல் பாக்குறா. அதுல ஹீரோவுக்குத் தாடி மீசை. எனக்கும் நல்லா இருக்கும்னு சொன்னா’ங்குறான்.

எனக்காக இல்ல தம்பி. துருக்கிக்காரனுக்காக.

பரவாயில்ல. நான் கோவப்படல. யாருக்காக வளத்தா என்ன, எடுக்குறது எனக்காகத்தானே எடுப்பான்? அந்தத் துருக்கிக்காரன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், அவன் மூஞ்சியில ஒரு சிராய்ப்புகூடப் படக் கூடாது. டாக்டர்கிட்ட நான் கடைசியாக் கேட்டது என்ன தெரியுமா? நல்லா அடர்த்தியா ஒரு மீசை நிக்க எத்தனை நாளாகும்னு கேட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, ரெண்டு மூணு மாசம்னாரு. எனக்குச் சொன்ன அதே கணக்கு. அதுவும் நானும் ஒரே நேரத்துக்குத் தயாராயிருவோம்.

ஒரே ஒரு கவலைதான். உங்க போன்ல நெட்டு வருதா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். அந்தத் துருக்கி நாடகம், பேரு எழுதி வச்சிருக்கேன், இந்தா, கவர் மேலேயே எழுதிருக்கேன். அது மொத்தம் எத்தனை எபிசோடுன்னு போட்டுருக்கும்ல?

நூத்தி அம்பத்து மூணா? நூத்தி அம்பத்து மூணு. நல்லதாப் போச்சு. தினம் ஒண்ணுன்னு பாத்தா அஞ்சு மாசம் வரும். எனக்கு அது போதும், மிச்சமே இருக்கும். ஆனா பன்னெண்டு நாளா ஓடிக்கிட்டு இருக்கே, அந்தப் புள்ள இப்ப எத்தனையில இருக்குன்னு தெரியலையே. இந்தக் காலத்துப் புள்ளைக ஒரு நாளைக்கு ஏழெட்டு பாக்குதுகளாமே, அப்படியா? நீங்களும் பாப்பீங்களா? அது முடிஞ்சுட்டா அடுத்து எந்த ஊரைப் பாக்கும்? மறுபடியும் மீசை இல்லாத ஊராப் பாத்துருச்சுன்னா?

அந்தா, சாத்தூர் பாலம் வந்துருச்சு. எந்திரிக்கணும். பையக் கொஞ்சம் பிடிங்க தம்பி.

வீட்டுக்குப் போனதும் அந்தப் புள்ளைக்குப் போன் போடணும். மெதுவாப் பாரும்மா, அவசரமே இல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணு பாத்தாப் போதும்னு சொல்லணும். ஏன் மாமான்னு கேட்டா, தம்பி, நான் என்ன சொல்லட்டும்?